ஒட்டுண்ணிக் குளவியில் புதிய சிற்றினம்: வேலியில் பிடித்தது முதல் பெயர் ஏறும் வரை

2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி என்று அடுத்தடுத்த தோட்டங்களுக்கும் ஏறியது. மருந்தடித்துத் தீராத அந்தப் பூச்சியை அடக்க 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து, அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மூன்று சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றில் நன்றாக நிலைத்தது அசிரோஃபேகஸ் பப்பாயே. அதற்கும் இன்னொன்றுக்கும் 2003-இல் நாய்ஸ், ஷாஃப் என்ற இருவர் விவரணை எழுதிப் பெயர் வைத்திருந்தார்கள்; மூன்றாவதற்கு 2000-இலேயே பெயர் வந்துவிட்டது. பெயர் இருந்ததால் இன்ன குளவி வேண்டும் என்று கேட்க முடிந்தது. விவரணை இருந்ததால் வந்து இறங்கியது அதே குளவிதானா என்று நுண்ணோக்கியில் வைத்துச் சரிபார்க்க முடிந்தது.

புதிய சிற்றினத்தை விவரிப்பது இதற்காகத்தான். நீங்கள் எழுதியதை எடுத்துப் படிக்கப் போகிறவர் வேறொரு ஊரில், அதே குளவியின் இரண்டாவது மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு "இது அதுதானா?" என்று தவிக்கிறவர். அவருக்கு உங்கள் எழுத்து ஆம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். வயலில் லேபிள் எழுதுவதிலிருந்து கடைசிப் படம் எடுப்பது வரை அவரை மனதில் வைத்தே வேலை செய்யுங்கள்.

இங்கே பிராக்கோனிடே குடும்பத்தின் மைக்ரோகாஸ்டிரினே துணைக்குடும்பத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. நீளமுள்ள கறுப்புக் குளவிகள். புழுவின் உடலைத் துளைத்து வெளியே வந்து, அதன் மேலோ பக்கத்திலோ அரிசி மணி போன்ற வெள்ளைக் கூடு கட்டுபவை. ஆமணக்கு, ஆவாரை வேலிகளில் தேடினால் கிடைக்கும். இதைவிடச் சிறிய குடும்பங்களுக்கு வேலை மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

வயலில்

குளவியைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று பொறி அல்லது வலை; மற்றொன்று புழுவை எடுத்து வந்து வளர்ப்பது. பொறியில் எண்ணிக்கை நிறையக் கிடைக்கும், ஆனால் எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்று தெரியாது. வளர்த்தால் குளவியோடு அதன் வரலாறும் சேர்ந்து கிடைக்கும். முடிந்தவரை வளர்ப்பையே நம்புங்கள்.

பொறி வைப்பதென்றால் மஞ்சள் தட்டு போதும். 15 முதல் 20 செ.மீ. அகலமுள்ள மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணம் பத்துப் பதினைந்தை, மூன்று மீட்டருக்கு ஒன்றாக வேலியோரம் வாய் மட்டம் தரையோடு இருக்கும்படி பதித்து, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விடவும். நீரின் மேல்பரப்பு இழுவிசை குறைந்தால்தான் குளவி மூழ்கும்; துளிகளை மறந்தால் நடந்தே வெளியேறிவிடும். ஒரு கைப்பிடி உப்பு போட்டால் உடல் அழுகுவது தள்ளிப்போகும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். டீ வடிகட்டியின் கண்ணில் பொடிக் குளவிகள் நழுவிவிடும். மெல்லிய நைலான் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி ஆல்கஹாலில் போடவும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று தட்டை மண்ணால் நிரப்பிவிடும். அந்த மாதங்களில் பொறியை விட்டுவிட்டு வளர்ப்பைப் பாருங்கள். கோடை மழைக்குப் பின் துளிர் வரும் சித்திரை, வைகாசியும், ஐப்பசி மழையைத் தொடர்ந்த வாரங்களும் இரண்டு வேலைக்கும் ஏற்றவை.

புழு எடுக்கும் தோட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது, "கடைசியா மருந்து எப்பங்க அடிச்சீங்க?" என்பதுதான். மருந்து பட்ட புழு குளவி முதிர்வதற்கு முன்பே செத்துவிடும், உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியும் அதோடு போய்விடும். இரண்டு வாரத்துக்குள் அடித்த தோட்டமானால் வேலியில் தானாக முளைத்த செடிகளைத் தேடுங்கள். பட்டா நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் போதும். ஆனைமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகங்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு புழுவையும் எடுக்கக் கூடாது. அனுமதி எண்ணைப் பிறகு கட்டுரையில் எழுத வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

வளர்ப்பு

ஒரு டப்பாவுக்கு ஒரு புழு. இதில் சமரசம் வேண்டாம். ஐந்து புழுவை ஒன்றாகப் போட்டால் எதிலிருந்து குளவி வந்தது என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போகும். மேலே மஸ்லின் துணி கட்டிய 100 மி.லி. டப்பா, அடியில் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம், தினமும் புதிய இலை. எச்சத்தைத் தினமும் தட்டிவிடாவிட்டால் மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். எறும்பு வாசனை பிடித்து வந்துவிடும், அதனால் டப்பாக்களை ஒரு பலகையில் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

அதே செடியில் எடுத்த புழுக்களில் சிலவற்றை அந்துப்பூச்சியாகும் வரை வளர்த்து அவற்றையும் பாதுகாக்கவும். ஒட்டுண்ணி ஏறிய புழு செத்துப்போகும், அதை வைத்து என்ன இனம் என்று உறுதியாகச் சொல்வது கடினம். வளர்ந்த அந்துப்பூச்சி கையில் இருந்தால்தான் "இன்ன பூச்சியின் ஒட்டுண்ணி" என்று எழுத முடியும். செத்த புழுவின் தலை ஓட்டையும் தோலையும் தூக்கி எறியாதீர்கள். குளவியின் ஊசியிலேயே பின்னால் ஏறும்.

வெள்ளைக் கூடு கட்டியதும் ஒவ்வொரு கூட்டையும் தனியாக ஒரு காலி ஜெலட்டின் கேப்சூலில் போடுங்கள். காற்று போகும், குளவி தப்பாது, வெளியிலிருந்தே தெரியும். குளவி வெளியேறியபின் கூட்டை லென்ஸில் பாருங்கள். கூட்டின் ஒரு முனை வட்டமாக, மூடி திறந்தது போலச் சீராக வெட்டப்பட்டிருந்தால் வந்தது மைக்ரோகாஸ்டிரினே. பக்கவாட்டில், கரடுமுரடாகக் கடித்த ஓட்டை இருந்தால் வந்தது பெரும்பாலும் அந்த ஒட்டுண்ணியைத் தின்ற இன்னொரு ஒட்டுண்ணி. இதைக் கவனிக்காமல் "இந்தப் புழுவின் புதிய ஒட்டுண்ணி" என்று எழுதிவிட்டால், பயிர்ப் பாதுகாப்புக்கு உதவும் குளவியைத் தின்பதையே உதவிக் குளவி என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். செடியில் பூச்சி உண்டாக்கும் கொப்புளங்களிலிருந்து வளர்க்கும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். கல்யாண முருங்கை இலையில் முடிச்சு முடிச்சாகக் கொப்புளம் உண்டாக்கும் குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே, யூகலிப்டஸில் கொப்புளம் உண்டாக்கும் லெப்டோசைபி இன்வேசா இரண்டுமே பார்வைக்கு ஒட்டுண்ணிக் குளவி போலவே இருக்கும் யூலோஃபிடே குடும்பத்தவை. கொப்புளத்திலிருந்து வந்தது அதைக் கட்டியதா, கட்டியதைத் தின்றதா என்பதைக் கொப்புளத்தை வெட்டி, உள்ளே புழு மேல் புழு இருப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெளியே வந்த குளவியை உடனே கொல்லாதீர்கள். 24 மணி நேரமாவது விட்டால்தான் ஓடு கெட்டியாகி நிறம் முழுதாக ஏறும். உடனே கொன்ற குளவி வெளிறி, காய்ந்ததும் சுருங்கும். பிறகு அதைப் பார்த்து "கால் மஞ்சள்" என்று எழுதுவீர்கள், முதிர்ந்ததில் அது பழுப்பாக இருக்கும்.

ஒரு கூட்டத்தில் ஆண் மட்டுமே வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இக்குளவிகளில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். தாய் இணைசேராமல் முட்டையிட்டிருந்தால் எல்லாமே ஆண்தான். மாறாக வொல்பாக்கியா என்ற பாக்டீரியா தொற்றிய சில இனங்களில் ஆணே வராது. ஆண்களை மட்டும் வைத்து விவரிக்காதீர்கள். மைக்ரோகாஸ்டிரினேயில் இனங்களைப் பிரிக்கும் பல அடையாளங்கள் பெண்ணின் வயிற்று நுனியிலும் முட்டையிடும் குழலிலும்தான் இருக்கின்றன. பத்து மாதிரிகளாவது, இரண்டு பாலும் சேர்ந்து கிடைக்கும் வரை பொறுப்பது நல்லது.

ஊசி, பசை, லேபிள்

கிடைத்ததில் பாதியை 95 சதவீத எத்தனாலில் குளிர்பெட்டியில் வையுங்கள், அது டி.என்.ஏ.வுக்கு. எத்தனால் கிடைக்கவில்லையென்று சானிடைசரில் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கிளிசரினும் ஜெல்லும் ரோமங்களில் ஒட்டி, பின்பு போகவே போகாது. பக்கத்துக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் கேட்டால் முறையாகக் கிடைக்கும்.

மீதியை உலர்த்தி அட்டை முக்கோணத்தில் ஏற்றவும். பிராக்கோனிடே 3 மி.மீ. இருந்தால் ஆல்கஹாலிலிருந்து எடுத்து ஒற்றுத்தாளில் வைத்து, ஈரம் போகும்போதே மெல்லிய தூரிகையால் இறக்கையை விரித்துவிட்டால் பெரும்பாலும் சரியாக வரும். யூலோஃபிடே, என்சைர்டிடே போன்ற சிறிய குடும்பங்களில் முகம் குழிந்துவிடும். அவற்றைப் படிப்படியாக முழு ஆல்கஹாலுக்கு ஏற்றி, எச்.எம்.டி.எஸ். என்ற உலர்த்தும் திரவத்தில் இருமுறை அரை மணி நேரம் வீதம் வைத்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் ஆவியாக விட வேண்டும். அது தீப்பற்றும், ஆவி நச்சு. வீட்டு அறையில் செய்யாதீர்கள்.

முக்கோணம் 8 முதல் 10 மி.மீ. நீளம், அடி 2 முதல் 3 மி.மீ. அகலம் இருக்கட்டும். நுனியை லேசாகக் கீழே வளைத்து, குளவியின் வலப்பக்க மார்பை அதில் ஒட்டுங்கள். இடப்பக்கம், முதுகு, முகம் மூன்றும் மறையாமல் தெரியும். ஊசிமுனையில் எடுக்கும் அளவு பசை போதும். தண்ணீரில் முழுதாகக் கரையும் பசையே வேண்டும். ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்தபின் இளகுமே தவிர முழுதாகக் கரையாது. முப்பது ஆண்டு கழித்து ஒருவர் அந்தக் குளவியைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தால் மார்பு பெயர்ந்து வரும்.

டிரைக்கோகிராமா, அஃபெலினிடே, மைமாரிடே போன்ற ஒரு மி.மீ. அளவுக் குளவிகளுக்கு ஸ்லைடு கட்டாயம். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு, பிறகு தண்ணீர், பிறகு 70, 80, 90, 100 என்று ஆல்கஹால் படிகள், கிராம்பு எண்ணெய், கடைசியாகக் கனடா பால்சம். பால்சத்துக்குள் பால் போல வெண்மை படர்ந்தால் தண்ணீர் முழுதாகப் போகவில்லை என்று பொருள். திரும்ப எடுத்து முழு ஆல்கஹாலில் போடுங்கள். பால்சத்துக்குப் பதிலாக ஹாயர் கலவையில் வைப்பது சுலபம்தான், ஆனால் நிரந்தரமல்ல. பெயர் தாங்கும் மாதிரியை அதில் வைக்காதீர்கள்.

லேபிளை அமிலமற்ற காகிதத்தில், கலையாத மையில், ஆங்கிலத்தில் எழுதவும். நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, எப்படிப் பிடித்தது, யார் பிடித்தது. அட்சரேகையில் நாலு தசம இடம் கொடுத்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் சொன்னதாகும். "பொள்ளாச்சி" என்று மட்டும் எழுதினால் தென்னந்தோப்பா, அடிவாரக் காடா என்று யாருக்கும் விளங்காது. மாதத்தை ரோம எண்ணில் எழுதுங்கள்; 5, 6 என்று எழுதினால் எது நாள், எது மாதம் என்று வெளிநாட்டில் குழம்புவார்கள். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலத்தையும் இங்கே "காடு" என்றுதான் சொல்கிறோம். லேபிளில் அதை அப்படியே வனம் என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் குளவியின் வாழிடமே மாறிவிடும். இரண்டாவது லேபிளில் புரவலன் பூச்சியும் (குளவி எதில் வளர்ந்ததோ அது) செடியும்.

ஏற்கனவே பெயர் உண்டா?

இந்த வேலையில் நேரமெல்லாம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். கையில் இருப்பது புதியது என்று நினைப்பது எளிது. ஏற்கனவே பெயர் உள்ளவற்றில் எதுவும் இது அல்ல என்று காட்டுவதுதான் வேலை.

முதலில் குடும்பம். முன் இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இறக்கையின் வெளிப்பகுதியில் இரண்டாவது மீள்நரம்பு இருந்தால் இக்நியூமோனிடே, இல்லாவிட்டால் பிராக்கோனிடே. இரண்டு பக்கமும் அரிதான விலக்குகள் உண்டு, அதனால் மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்து உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள். மைக்ரோகாஸ்டிரினே என்றால் 18. கடைசிக் கணு உடைந்து 17 என்று எண்ணிவிடுவது வழக்கமான தவறு. இரண்டு கொம்பிலும் எண்ணி, நுனிக்கணு கூம்பாக முடிகிறதா என்று பாருங்கள். பிறகு பேரினம். மார்போடு ஒட்டிய முதல் வயிற்றுக் கண்டமான புரோபோடியத்தில் என்ன செதுக்கல் இருக்கிறது, நடுவில் ஒரு வரப்பா, வட்டமான அறையா. முதல் வயிற்றுத் தகடு பின்னால் அகல்கிறதா, குறுகுகிறதா. குழல் உறை நீளமா, குட்டையா. கரடுமுரடான புரோபோடியம், நடுவரப்பு, குட்டைக் குழல் என்றால் கோட்டீசியா பக்கம் போங்கள். நீண்ட குழலும் புரோபோடியத்தில் அறையும் இருந்தால் அபான்டீலிஸ் பக்கம்.

இங்கே ஒரு பழைய பள்ளம் இருக்கிறது. 1981-இல் மேசன் அபான்டீலிஸ் என்ற பெரிய பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தார். அதற்கு முன் இந்தியாவிலிருந்து விவரித்த கோட்டீசியாக்கள் பல, பழைய கட்டுரைகளில் அபான்டீலிஸ் என்ற பெயரில்தான் கிடக்கின்றன. கோட்டீசியா பட்டியலை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். 2020-இல் வெளிவந்த உலகப் பட்டியல் மைக்ரோகாஸ்டிரினேயில் 81 பேரினங்களையும் 2,999 சிற்றினங்களையும் தருகிறது, இலவசமாகவே படிக்கலாம். அதில் இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று வடிகட்டி உங்கள் பேரினத்தின் எல்லாச் சிற்றினங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் மூல விவரணையையும் படித்து, எந்த அடையாளத்தால் உங்கள் குளவி அல்ல என்று எதிரே குறியுங்கள். யூலோஃபிடே, என்சைர்டிடே போன்ற கால்சிட் குளவிகளுக்கு யுனிவர்சல் கால்சிடாய்டியா தரவுத்தளத்திலிருந்து தொடங்கலாம்.

நூறாண்டுக்கு முந்தைய விவரணைகள் பல நாலு வரியில் முடியும்: கறுப்பு, கால் மஞ்சள், இறக்கை தெளிவு. அப்படிப்பட்டவற்றை மூல மாதிரியைப் பார்க்காமல் ஒதுக்க முடியாது. நம் நாட்டின் பழைய மாதிரிகள் பல லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொறுப்பாளருக்கு எழுதி, முகம், முதுகு, பக்கவாட்டு, புரோபோடியம், முதல் தகடு ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். காத்திருங்கள். முட்டைக்கோஸில் வைரமுதுகு அந்துப்பூச்சியைத் தாக்கும் குளவிக்கு 1912-இல் குர்ஜுமோவ் வைத்த பெயர் புளுட்டெல்லே. பல்லாண்டு காலம் பூச்சியியல் பாடமெல்லாம் கோட்டீசியா புளுட்டெல்லே என்றே எழுதியது. பிறகு அது 1834-இல் ஹாலிடே விவரித்த வெஸ்டாலிஸ்தான் என்று தெரிந்து, மூத்த பெயரே நிலைத்தது. பழைய பெயரில் தேடினால் கிடைக்கும் ஆய்வும் புதிய பெயரில் தேடினால் கிடைக்கும் ஆய்வும் இன்றும் தனித்தனியாகக் கிடக்கின்றன. அந்தக் கஷ்டத்தை அடுத்த தலைமுறைக்கு வைக்காமலிருக்கத்தான் இந்தக் காத்திருப்பு.

நிறத்தையும் அளவையும் தனியாக நம்பாதீர்கள். குளிரில் வளர்ந்த குளவி கறுக்கும், சூட்டில் வளர்ந்தது வெளிறும். வால்பாறையில் எடுத்ததும் பொள்ளாச்சி சமவெளியில் எடுத்ததும் நிறத்தில் வேறுபட்டால் அது இனத்தின் வேறுபாடாக இல்லாமல் மலைக்குளிரின் வேலையாகவும் இருக்கலாம். புழு சிறியதானால், அல்லது ஒரே புழுவில் நிறையக் குளவி வளர்ந்தால், குளவியும் சிறுக்கும். செதுக்கல், நரம்பு, விகிதம் ஆகியவை இவற்றைவிட நிலையானவை.

டி.என்.ஏ.

ஒரு பின்னங்காலை எடுத்தும் செய்யலாம். இன்னும் நல்லது, முழுக் குளவியையும் புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ்-கே நொதிக் கரைசலில் 56 டிகிரியில் ஓர் இரவு ஊற வைத்து, குளவியைச் சேதமில்லாமல் திரும்ப எடுத்து ஊசியில் ஏற்றுவது. அளவெடுத்த குளவியும் வரிசை எடுத்த குளவியும் ஒன்றே என்று அப்போதுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும். சி.ஓ.1 மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட பகுதிதான் வழக்கம். ஃபோல்மர் குழு 1994-இல் தந்த பிரைமர்களே (அந்தப் பகுதியைப் பிரதியெடுக்கத் தொடக்கமாகும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பெரும்பாலும் போதும். வந்த வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது உண்மையான மரபணு அல்ல, உட்கருவில் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதி. ஜென்பேங்க் போன்ற வரிசைத் தரவுத்தளத்தில் தேடும்போது வொல்பாக்கியாவோ அந்துப்பூச்சியோ வந்தால் நீங்கள் படித்தது குளவியின் வரிசையே அல்ல.

2 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் புது இனம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது தேடலுக்கான சைகை மட்டுமே. உருவம், புரவலன், வரிசை மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் எழுதுங்கள். ஒன்று முரண்பட்டால் இன்னும் மாதிரி சேருங்கள்.

அளவும் படமும்

நுண்ணோக்கிக் கண்ணாடியிலுள்ள அளவுகோலை, ஒரு மி.மீ.யை நூறாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் வைத்து ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றதற்குக் கணக்குப் போட்டால் பிழை ஏறும். உடல் நீளம், முன் இறக்கை நீளம், ஒற்றைக்கண்களுக்கு இடையிலான தூரம், கூட்டுக்கண்ணுக்கும் ஒற்றைக்கண்ணுக்குமான தூரம், முதல் வயிற்றுத் தகட்டின் நீள அகலம், குழல் உறை, பின்னங்கால் கணைப்பகுதி. அளக்கும் பகுதியின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு முனை மங்கினால் பகுதி சாய்ந்திருக்கிறது, அளவு குறைந்து வரும்.

செதுக்கல் தெரிய வெளிச்சம் பரவ வேண்டும். எல்.இ.டி. நேரடியாக அடித்தால் பளபளப்பில் வரப்பும் குழியும் மறைந்துவிடும். குளவியைச் சுற்றி டிரேசிங் பேப்பரை ஒரு குழாய் போலச் சுருட்டி நிறுத்தினாலே போதும், அதுவரை மொழுமொழுவென்று தெரிந்த முதுகில் புள்ளிகள் எழுந்து நிற்கும். ஒரு கோணத்துக்கு 30 முதல் 60 படங்கள், ஆழம் சிறிது சிறிதாக மாற்றி எடுத்து, மென்பொருளில் ஒன்றாக்குங்கள். எல்லாப் படத்திலும் அளவுக்கோடு.

எழுதுவது

கட்டுரையின் உயிர் வேறுபாட்டுக் குறிப்பு. விவரணை குளவியை முழுதாகச் சொல்லும்; வேறுபாட்டுக் குறிப்பு மிக நெருங்கிய உறவுகளிலிருந்து அதைப் பிரிக்கும். விலங்குப் பெயரிடல் சட்டமும் இதையே கேட்கிறது: இனத்தை வேறுபடுத்திக் காட்டும் சொற்கள் இருக்க வேண்டும், படம் மட்டும் போதாது.

"சிறிய கறுப்புக் குளவி, கால்கள் மஞ்சள், இறக்கை தெளிவு" என்று எழுதினால் நூற்றுக்கணக்கான குளவிகளுக்குப் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன இனத்துக்கு நெருக்கமானது. முதல் வயிற்றுத் தகட்டின் நீளம் பின்விளிம்பு அகலத்தைப் போல 1.3 மடங்கு (அதில் 1.0 மடங்கு), இரண்டாம் தகடு முழுதும் வரிவரியாகச் செதுக்கப்பட்டது (அதில் வழுவழுப்பானது), பின்னங்கால் தொடை முழுக் கறுப்பு (அதில் நுனி மட்டும் கறுப்பு)." எண்கள் மாதிரிக்காகத்தான். ஒவ்வொரு அடையாளத்துக்கும் எதிரே மற்ற இனத்தின் நிலையும் அடைப்பில் நிற்கிறது அல்லவா, அந்த அமைப்பே வேண்டியது. மூன்று முதல் ஐந்து உறுதியான அடையாளங்கள் இருந்தால் போதும்.

விவரணையில் தலை, மார்பு, இறக்கை, கால், வயிறு, நிறம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஹோலோடைப்பின், அதாவது பெயர் தாங்கும் அந்த ஒரே மாதிரியின், அளவை முதலில் கொடுத்து, மற்றவற்றின் வீச்சை அடைப்பில் கொடுக்கவும். உங்களால் பார்க்க முடியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். ஆண் கிடைக்கவில்லையென்றால் "ஆண் அறியப்படவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். ஏற்கனவே இருக்கும் அடையாளத் திறவுகோலில் (படிப்படியாக அடையாளம் கேட்டு இனத்தைக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) உங்கள் இனம் எந்தப் படியில் நுழையும் என்று திருத்தித் தந்தால், அந்த இரண்டாவது மாதிரிக்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பெயர்

லத்தீன் எழுத்தில், இரண்டு சொல். அடைமொழியாக வைத்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். கறுப்பு என்று வைக்க விரும்பினால் கோட்டீசியாவுக்கு நைக்ரா, கோனியோசஸுக்கு நைகர். முன்னது பெண்பால், பின்னது ஆண்பால். ஊர்ப் பெயருக்கு -என்சிஸ் ஈறு இரண்டுக்கும் பொருந்தும், அஃறிணைப் பால் பேரினமானால் -என்ஸி. ஆணின் பெயருக்கு -ஐ, பெண்ணின் பெயருக்கு -ஏ. தோட்டத்துக்கார அம்மாவின் பெயரை வைக்கப் போய் -ஐ ஈறு போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கோயம்புத்தூரின் பெயர் தாங்கிய பூச்சிகள் ஏற்கனவே உண்டு. அதே பேரினத்தில் இருந்தால் உங்கள் பெயர் செல்லாது.

புரவலனின் பெயரை வைப்பதில் ஒரு யோசனை வேண்டும். தென்னங் கருந்தலைப்புழுவுக்காகத் தோப்புகளில் விடும் குளவி கோனியோசஸ் நெஃபான்டிடிஸ். 1934-இல் மியூஸ்பெக் பெயர் வைத்தபோது அந்தப் புழு நெஃபான்டிஸ் என்று அழைக்கப்பட்டது. இன்று புழுவின் பெயர் ஒபிசினா அரினோசெல்லா. புழுவின் பெயர் மாறிவிட்டது, குளவியின் பெயர் மாறாது. நெஃபான்டிடிஸ் ஏன் என்று தெரியாமல் மாணவர்கள் இன்றும் தேடுகிறார்கள். உருவத்தின் ஓர் அடையாளமோ இடமோ நீடித்து நிற்கும்.

கட்டுரை வெளிவரும் வரை அந்தப் பெயரைச் செய்தித்தாளிலோ, கருத்தரங்குச் சுவரொட்டியிலோ, ஆய்வேட்டிலோ விட்டுவிடாதீர்கள். விவரணையில்லாத பெயர் சட்டப்படி வெறும் பெயர், ஆனால் தேடலில் மட்டும் என்றென்றும் வந்துகொண்டே இருக்கும்.

சட்டமும் வைப்பிடமும்

1999-க்குப் பின் வெளிவரும் பெயருக்குப் புதியது என்ற வெளிப்படையான குறிப்பு வேண்டும், ஹோலோடைப் எது என்று சொல்ல வேண்டும், அது எந்த அருங்காட்சியகத்தில் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளிவந்தால் முன்பே ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்து, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியான தேதியும் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பெயர் செல்லாது. எத்தனை அருமையான விவரணையானாலும் சரி.

இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் 2002, 39-ஆவது பிரிவு, புதிய உயிரினத்தைக் கண்டவர் அதற்கென்று குறிக்கப்பட்ட களஞ்சியத்துக்கு அறிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனமும், பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனமும் அப்படிப்பட்டவை. ஹோலோடைப்பை அங்கே கொடுங்கள். வீட்டு அலமாரியில், கல்லூரி மேசை இழுப்பறையில் வைத்த ஹோலோடைப் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சைக்கோ எறும்புக்கோ போய்விடும். முறையான அனுமதியின்றி வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பக் கூடாது. ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபிள், பாராடைப்புக்கு (ஹோலோடைப்போடு சேர்த்துக் கட்டுரையில் குறித்த மற்ற மாதிரிகளுக்கு) மஞ்சள் என்பது வழக்கம். பாராடைப்புகளை இரண்டு மூன்று இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு இடத்தில் அழிந்தாலும் மற்றதில் இருக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சித் தொகுப்பிலும் ஒன்று இருந்தால் நம் பக்கத்து மாணவர்கள் பெங்களூரு போகாமலே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அனுப்பும்போது ஊசியை ஃபோமில் ஆழமாகக் குத்தி, பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் 5 செ.மீ. பஞ்சோ தெர்மோகோல் துகளோ நிரப்புங்கள். உடைந்த கொம்பு கிடைத்தால் ஜெலட்டின் கேப்சூலில் போட்டு அதே ஊசியில் குத்திவிடுங்கள்.

இதழ் தேர்வில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. ஜூடாக்ஸா, ஜூகீஸ் போன்றவை உண்டு. கோயம்புத்தூரிலிருந்தே வெளிவரும் ஜர்னல் ஆஃப் திரெட்டண்ட் டாக்ஸாவும் உண்டு. மதிப்பாய்வாளர் "இன்ன இனத்தோடு ஒப்பிட்டீர்களா?" என்று கேட்டால் அந்தப் பெயரைப் பட்டியலில் தேடுங்கள். விட்டுப்போயிருந்தால் அதன் மூல மாதிரியின் படம் வரும் வரை கட்டுரையை நிறுத்தி வையுங்கள்.

கட்டுரை வந்ததும் டி.என்.ஏ. வரிசையோடு இருக்கும் தற்காலிகப் பெயரை ஜென்பேங்க்கில் மாற்றுங்கள், ஜூபேங்க்கில் பக்க எண்ணைச் சேருங்கள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு புழு கொடுத்த தோட்டத்துக்குப் போய், "இது நல்ல பூச்சிங்களா?" என்ற கேள்விக்கு எந்தப் புழுவைத் தாக்குகிறது, எந்த மாதத்தில் வெள்ளைக் கூடு தெரியும், கூடு தெரியும்போது மருந்தைத் தள்ளிப்போடலாமா என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆண் அறியப்படவில்லை என்று எழுதியிருந்தால், அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு அதே வேலியில் மறுபடியும் டப்பாவோடு நில்லுங்கள்.